கோகிலவாணியின் களைப்பு

மணமகன் தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், மண்டப மேனேஜர் சென்னியப்பன் மணமகனின் தாய்மாமன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். சாதாரணத் தூக்கம் அல்ல. வாய் பிளந்து, குறட்டையோடு, நாதஸ்வரக்காரரே ஒரு கணம் திரும்பிப் பார்க்கும்படியான தூக்கம். வீடியோக்காரர் தொழில் சுத்தமானவர். அதையும் விடாமல் எடுத்துவிட்டார். அட்சதை போட எழ வேண்டியிருந்ததால் தாய்மாமன் மேனேஜரை அருகிலிருந்த தூணில் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்.

அதே நேரத்தில் சென்னியப்பனின் மனைவி கோகிலவாணி தடாகம் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். கணுவாய் தாண்டியாயிற்று. ஆவணி மாதக் காற்று முகத்தில் குளிர்ச்சியாக அடித்தது. கால்கள் தம் பாட்டுக்குச் சுற்றின. களைப்பு என்பது துளியும் இல்லை. எப்படி இருக்கும்? அது அத்தனையும் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துத் தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இது எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோகிலவாணி ஒரு நூல் மில்லில் தரச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். நாற்பத்தேழு வயது. சேவல் சைக்கிள் குழுவில் பழைய உறுப்பினர். ஞாயிறுதோறும் சேவல் கூவுவதற்கு முன்னாலேயே எழுந்து சைக்கிளோடு கிளம்பிவிடுகிற கூட்டம் அது. ஊரில் எல்லாச் சைக்கிளுக்கும் மோட்டார் வந்துவிட்ட பிறகும், சேவல் குழுக்காரர்கள் மட்டும் மோட்டாரைக் கிட்டே சேர்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து மாங்கரையிலிருந்து ஆனைகட்டிக்கு மலை ஏறுவார்கள். கோகிலவாணி எப்போதும் முன்வரிசையில் இருப்பாள். சென்னியப்பன் எப்போதும் வீட்டில் இருப்பார். அவருக்கு மாடிப்படியே ஒரு மலைதான்.

போன ஐப்பசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பதற்குள் அது நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கிடந்தாள். இந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றார். மார்கழியில் வீடு திரும்பியபோது தன் தொடையைத் தானே ஒரு கையால் வளைத்துப் பிடிக்க முடிந்தது அவளால். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், நடுவில் உட்கார்ந்து போவதற்கு. தை மாதத்து மலையேற்றத்தை நண்பர்கள் அனுப்பிய வீடியோவில் பார்த்தாள். பார்த்துவிட்டு நன்றாக அழுதாள். அடுத்த தையில் அந்த மலையை ஏறியே தீருவது என்று முடிவு செய்துகொண்டாள்.

பங்குனியில் டாக்டர் நிலோஃபர் அந்த இரண்டு பட்டைகளை மேசைமேல் எடுத்து வைத்தார். வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டைகள்.

"களைப்புங்கறது ஒரு செய்திதாம்மா," என்றார் டாக்டர். "போதும், நிறுத்துன்னு தசை மூளைக்குச் சொல்ற செய்தி. பெரிய வியாதி வந்து போன உடம்புல இந்தச் செய்தி தாறுமாறா வரும். நாலடி நடந்தா நாப்பது மைல் நடந்த மாதிரி. அதனால நடக்கவே மாட்டாங்க. நடக்காம உடம்பு தேறாது. இந்தப் பட்டை அந்தச் செய்தியில ஒரு பங்கைப் பாதி வழியில பிடிச்சு, இன்னொருத்தர் உடம்புக்கு அனுப்பிடும்."

"அதை ஒரேயடியா அழிச்சுப்போட முடியாதுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"முடியாது. களைப்பு அழியாது. யாராவது ஒருத்தர் வாங்கித்தான் ஆகணும். அவரைத் தாங்கின்னு சொல்லுவோம். வெளியில கூலிக்குத் தாங்கிகள் கிடைக்கறாங்க. நம்ம வீட்டு ஆளுங்களே இருந்தா நல்லது."

அதை டாக்டர் சொல்லத் தேவையே இல்லை. 'தாங்கி வேண்டுமா?' என்ற ஸ்டிக்கர் அப்போது ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஒட்டியிருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்கு விடிய விடியப் படித்தார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஹாலில் பாய் விரித்துப் படுத்து அவர்களுக்காகக் கொட்டாவி விட்டார். தினமும் வேறு வேறு ஆளுக்கு, வேறு வேறு களைப்பு. அதை ஒரு வேலை என்றே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

"கூலிக்கு எதுக்குங்க ஆளு? நான் இருக்கறனே," என்று சென்னியப்பன் கையை நீட்டிவிட்டார். "என்னுது உக்காந்த வேலைதானுங்க டாக்டர்."

"நாலில் ஒரு பங்குக்கு மேல வேண்டாம்," என்று டாக்டர் பட்டையின் திருகைக் காட்டிச் சொன்னார். "தன் நிலைமை என்னன்னு அவங்க உடம்புக்கும் தெரியணும்."

சென்னியப்பன் தலையாட்டினார். அவர் தலையாட்டியதை யாரும் அவ்வளவாக நம்பியிருக்கக் கூடாது. இருபது வருஷமாகக் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். வந்தவர்கள் கையால் ஒரு நாற்காலியை நகர்த்தினால்கூட ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வார். அன்று சாயங்காலமே கோகிலவாணி மாடிப்படியில் மூச்சு வாங்குவதைக் கேட்டவர், யாருக்கும் தெரியாமல் திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டார். தொடக்கத்தில் அவள் களைப்பு 'அத்தனையும்' தூணில் சாய்ந்திருந்தது என்று சொன்னது வாய்தவறி அல்ல. ஆனால் இது கோகிலவாணிக்கு ஆவணி வரை தெரியாது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாளிலிருந்து உடம்பு காற்றாகிவிட்டது என்பதுதான். தெருமுனை வரை நடந்தாள். பிறகு அடுத்த தெரு. சித்திரை பிறந்ததும் சைக்கிளில் ஏறினாள். குழுவோடு மெதுவாக, ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதிக்க முடிந்தது. அவள் கணுவாயைத் தாண்டும்போது சென்னியப்பன் பல் விளக்கிக்கொண்டே தூங்கினார். ஒரு முறை பந்தியில் பாயசம் பரிமாறுகிறவரை மேற்பார்வை பார்த்தபடியே நின்றுகொண்டு தூங்கினார். இலைக்கு வெளியே ஒரு வாளி பாயசம் போன பிறகுதான் விழித்தார்.

"நாலில் ஒரு பங்குக்கே இந்தத் தூக்கமுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"உக்காந்தே வளந்த ஒடம்பு அம்மிணி. அப்படித்தான் இருக்கும்," என்று அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

சேவல் குழுவில் இதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. கணுவாய் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு கேப்டன் பெனடிக்ட் ஆரம்பித்தார். அறுபது வயது, வங்கியில் ஓய்வு பெற்றவர், விதி என்றால் விதி என்பவர்.

"மலையில மோட்டாருக்கு இடமில்ல. இது நம்ம சட்டம். அப்ப இந்தப் பட்டை என்ன? இதுவும் ஒரு மோட்டார்தானே?"

"மோட்டார்னா வெளியில இருந்து சக்தி தரணுங்ணா," என்றாள் கோகிலவாணி. "இவரு எனக்குச் சக்தி எதுவும் தர்றதில்ல. களைப்ப மட்டும் வாங்கிக்கறாரு."

"சென்னியப்பன் கரண்ட்ல ஓடறாரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சாம்பார்ல ஓடறாருங்," என்றாள் கோகிலவாணி.

சிரிப்பு அடங்க நேரமானது. கை தூக்கச் சொன்னார்கள். சென்னியப்பன் மோட்டார் இல்லை என்று பெருவாரியாக முடிவானது. பெனடிக்ட் ஏற்றுக்கொண்டார். ஆனால் கிளம்பும்போது அவள் பக்கத்தில் வந்து, "நீ மூச்சே வாங்க மாட்டேங்கறயேம்மா. எனக்கு என்னவோ அது சரியாப் படல," என்றார். கோகிலவாணி அதை மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனி மாதத்தில் மாங்கரை செக்போஸ்டைத் தாண்டி மலையில் ஏறிப் பார்த்தாள். முதல் வளைவில் சைக்கிள் நின்றுவிட்டது. வலி இல்லை, மூச்சு முட்டவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. கால் மட்டும் போகவில்லை, அவ்வளவுதான். போகப் போகச் சரியாகும் என்று திரும்பி வந்தாள். ஆவணியில், அதாவது சென்னியப்பன் தூணில் சாய்ந்த அந்தக் காலையில், மறுபடியும் ஏறினாள். அதே வளைவு. அதே இடம். இத்தனை மாதமாக மிதித்ததற்கு ஒரு கஜம்கூட முன்னேற்றம் இல்லை. சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு நின்றபோது அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. இனிமேல் இவ்வளவுதானா?

வீட்டுக்கு வந்தால் சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முதலாளி வீடியோவைப் பார்த்துவிட்டாராம். இன்னொரு முகூர்த்தத்தில் தூங்கினால் நிரந்தரமாகவே தூங்கப் போகலாம் என்றாராம்.

"வாங்க, டாக்டரப் பாத்துட்டு வந்தறலாம்," என்றாள். "நீங்க தூங்கறதும் சரியில்ல. நான் நிக்கறதும் சரியில்ல."

டாக்டர் நிலோஃபர் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சோதனைச் சைக்கிளில் ஏற்றி, மார்பில் வயர்களை ஒட்டினார். கோகிலவாணியின் திரையில் பலத்தைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏறிப் படுத்துக்கொண்டது. சென்னியப்பன் ஜென்மத்தில் அன்றுதான் சைக்கிளை அவ்வளவு வேகமாக மிதித்தார். பேசிக்கொண்டே மிதித்தார். அடுத்த வாரம் நடக்கப்போகிற வளைகாப்பில் எத்தனை வகைச் சாதம் என்று டாக்டருக்கு விவரம் சொல்லிக்கொண்டே மிதித்தார். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டர் வயர்கள் மாறிவிட்டன என்று நினைத்து நர்ஸை அழைத்தார். வயர்கள் சரியாகத்தான் இருந்தன.

கோகிலவாணிக்கு அப்போதுதான் சில விஷயங்கள் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கேஸ் சிலிண்டரைப் போன வாரம் ஒற்றைக் கையால் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார். பேண்ட்டெல்லாம் இடுப்பில் தளர்ந்து தொடையில் இறுகிவிட்டன என்று டெய்லர் சிரித்தார். அவளும்தான் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"உங்க பட்டையக் குடுங்க," என்றார் டாக்டர். திருகைப் பார்த்தார். "எப்ப இருந்து முழுசா வெச்சிருக்கீங்க?"

சென்னியப்பன் சைக்கிளை விட்டு இறங்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "மொத நாளே திருப்பிப்போட்டனுங்க டாக்டர்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது.

"வேலை செஞ்சா உடம்பு பலப்படும்னு இத்தனை நாளா நம்பிட்டிருந்தோம். அப்படி இல்ல போல. வேலை செஞ்சேன்னு உடம்பு நம்பணும். அதுக்குச் சாட்சி களைப்பு ஒண்ணுதான். பகல்ல எங்க களைச்சுதோ, ராத்திரி தூக்கத்துல அங்க போய் உடம்பு ரிப்பேர் வேலை பார்க்கும். உங்க உடம்பு தேடிப் பார்த்திருக்கு கோகிலா. இங்க ஒண்ணும் நடக்கலையேன்னு விட்டிருக்கு. இவர் உடம்புல விடிய விடிய வேலை நடந்திருக்கு."

"அப்ப நான் மிதிச்சதெல்லாம்?"

"மிதிச்சது நீங்க. பலம் வந்தது அவருக்கு. கூலித் தாங்கிங்க தினம் ஒரு ஆளுக்கு வேலை பார்க்கறதால இது யார் கண்ணுலயும் படல. ஒரே ஆளோட முழுக் களைப்பை இத்தனை மாசம் வாங்கின முதல் மனுஷன் உங்க வீட்டுக்காரரா இருக்கலாம்."

ஆட்டோவில் வீடு திரும்புகிற வரை கோகிலவாணி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் திறந்தாள்.

"என்ற ஆறு மாசத்தத் தின்னுட்டீங்க. நான் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சுப் போய் மிதிச்சது உங்க தொடைல இருக்குது. எனக்குன்னு மிச்சமே இல்ல. யாரக் கேட்டுத் திருகுனீங்க?"

சென்னியப்பன் சண்டை போடத் தெரியாத மனிதர். சமையலறை வாசலில் நின்றார்.

"நீ அந்தக் கண்ணாடிக்கு அக்கட்டால மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்த. உனக்கு நெனப்பில்ல. எனக்கு இருக்குது. அந்தச் சத்தம் வெளிய வரைக்கும் கேக்காது, ஆனா எனக்குக் கேட்டுது. வீட்டுக்கு வந்து நீ மாடிப்படியில மூச்சு வாங்கின பாரு, அப்ப எனக்கு மறுபடியும் அதே சத்தந்தான் கேட்டுது. இனி இந்தச் சத்தத்த நான் கேக்கவே கூடாதுன்னு திருப்பிப்போட்டேன். உனக்காகன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சா, எனக்காகத்தான் பண்ணிருக்கறேன்."

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த மனிதரை அதற்கு மேல் திட்டவும் வரவில்லை. அவர் மேல் அவளுக்கு இருந்த அன்பு, சமயம் பார்த்துக் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

டாக்டர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். பட்டைகளை மாற்றிக் கட்டலாம். சென்னியப்பன் மிதிக்கட்டும், களைப்பை அவள் வாங்கட்டும். எந்த வழியாகப் பலம் போனதோ அதே வழியாகத் திரும்பி வந்துவிடும். தைக்குள் மலையேறி விடலாம். சென்னியப்பனுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லவா. அடுத்த ஞாயிறே அவளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோகிலவாணி கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

களைப்பு வந்தது. மாதக்கணக்கில் மறந்துபோயிருந்த அந்தக் கனம் தொடையில் வந்து உட்கார்ந்தது, மூச்சு இரைத்தது, வேர்த்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது முதலில். பிறகு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் எதற்காக இந்த உடம்பு இப்படி இரைக்கிறது என்று அவளுக்கே ஆயாசமாக வந்தது.

சென்னியப்பன் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். ஒரு சொட்டுக் களைப்பில்லை. "அம்மிணி, தடாகத்துக்கிட்ட மயிலு. ஒண்ணில்ல, ஒரு கூட்டமே ரோட்டக் கடந்து போச்சு. காத்து எப்படி அடிக்குது தெரியுமா? இத்தன வருசமா நீ இதயெல்லாம் எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

கோகிலவாணி எழுந்து உட்கார்ந்து தன் பட்டையைப் பார்த்தாள்.

"மயிலப் பாத்தது நீங்க. மூச்சு வாங்கினது நானு. இது எந்த ஊரு நியாயமுங்க?" என்றாள். "படுத்துக்கிட்டே மலையேறவா நான் அந்த ஆஸ்பத்திரில இருந்து பொழச்சு வந்தேன்? ஆறு மாசம் போனாப் போவுது. உங்க பட்டையக் கொண்டுபோய் டாக்டரம்மா கிட்டக் குடுத்துட்டு வந்துருங்க. என்ற களைப்பு எனக்கே வேணும்."

"தைக்குள்ள ஆகுமா?"

"ஆகாட்டிப் போவுது."

அப்படிச் சொன்னாளே தவிர, ஆகவில்லை என்றால் தாங்கமாட்டாள் என்று இருவருக்குமே தெரியும். டாக்டர் அவருடைய பட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அவளுடைய பட்டையை மட்டும் கழற்றக் கூடாது என்றார். நாடித் துடிப்பு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதைப் பற்றி டாக்டர் எழுதிய கட்டுரை புரட்டாசியில் வெளியானதும் ஊர் தலைகீழானது. இதுவரை களைப்பைத் தள்ளிவிட ஆள் தேடியவர்கள், இப்போது தங்களுக்குக் களைப்பைக் கொடுக்கிற ஆளைத் தேடினார்கள். ஜிம்முக்குப் போக நேரமில்லாத பெரிய மனிதர்கள், மூட்டை தூக்குகிறவர்களின் அலுப்பை விலைக்குக் கேட்டார்கள். சென்னியப்பனின் மண்டபத்தில் காய்கறி மூட்டை இறக்குகிற ராசு, தன் அலுப்பை ஒரு நகைக்கடைக்காரருக்குக் கொடுத்தான். முதல் வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே மூட்டை இறக்கினான். மூன்றாவது வாரம் பட்டையைக் கழற்றி வீசிவிட்டான்.

"நாளு முச்சூடும் தூக்கினாலும் அலுக்கறதில்லீங்," என்று சென்னியப்பனிடம் சொன்னானாம். "ஆனா நேத்துத் தூக்கின மூட்டை இன்னிக்குக் கனக்குதுங். இப்படியே போனா நாளைக்கு எதத் தூக்கிப் பொழைக்கறது?"

கோகிலவாணி அதைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு மூணு வாரத்துல புரிஞ்சது நமக்கு ஆறு மாசமாச்சு," என்றாள். அந்த வியாபாரத்தைத் தடை செய்யச் சொல்லி டாக்டர் அதற்குள் மேலிடத்துக்கு எழுதத் தொடங்கியிருந்தார்.

சொந்தக் களைப்போடு அவள் முதல் முறை சைக்கிளில் ஏறியபோது தெருமுனை வரைதான் போக முடிந்தது. திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது, புஸ்புஸ்ஸென்று சத்தமாக. சென்னியப்பன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. உள்ளே திரும்பப் போனார்.

"எங்க போறீங்க? நில்லுங்க," என்றாள் மூச்சுக்கு நடுவில். "கேளுங்க. நல்லாக் கேளுங்க. இது அந்த மூச்சில்ல. இது நான் ஓட்டிட்டு வந்த மூச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் உங்க காதுக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் இங்கயே நில்லுங்க."

அவர் நின்றார். கேட்டின் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு அடங்குகிற வரை நின்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. ஐப்பசி மழையில் இரண்டு தெரு, கார்த்திகையில் கணுவாய். ஒரு நாள் போனால் மறுநாள் எழ முடியாது. மில்லில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். வீட்டில் தூங்கும் உரிமை இப்போது முழுக்க அவளுக்குத்தான். கோபம் வந்த நாளும் உண்டு, அந்தக் காலைகளில் சைக்கிளைத் தொடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் களைத்தாள். தொடையை வளைத்துப் பிடிக்க ஒரு கை போதவில்லை இப்போது.

சென்னியப்பனுக்குப் பலம் ஏறிய கால்கள் சும்மா கிடந்தன. அவரும் ஒரு சைக்கிள் வாங்கினார். பெனடிக்ட் அவருக்குக் குழுவின் முறையைச் சொல்லிக் கொடுத்தார்: தெம்பாக இருக்கிறவர் முன்னால் போய்க் காற்றை வெட்ட வேண்டும், களைத்தவர் அவருக்குப் பின்னால் ஒட்டி வர வேண்டும், பின்னால் வருகிறவருக்குத் தெம்பு வந்தால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சென்னியப்பன் முன்னால் போனார். பின்னால் அவள் மூச்சு வாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகப் பழகினார்.

தை மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. சேவல் குழு மாங்கரையைத் தாண்டி மலையில் ஏறியது. வேகக்காரர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டே பேர்தான். முதல் வளைவு வந்தது, ஆனியிலும் ஆவணியிலும் அவளை இறக்கிவிட்ட அதே வளைவு. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். தாண்டிவிட்டாள். அடுத்தது அதைவிடச் செங்குத்து. தொடை எரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. வேர்வை கண்ணில் இறங்கியது. நின்றுவிடலாம் என்று நினைத்தாள். முன்னால் சென்னியப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னும் பத்து மிதி, இன்னும் பத்து மிதி என்று போனாள்.

அப்போது சட்டென்று கனம் இறங்கியது.

தொடையில் எரிச்சல் தணிந்தது. மூச்சு ஒரு கதிக்கு வந்தது. கால்கள் தாமாகச் சுற்றின. யாரோ ஒருவர் பாரத்தை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. இத்தனை மாதம் பட்ட பாடு, இரண்டு வளைவு ஏறுவதற்குள் இந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க," என்று கத்தினாள். "மறுபடியும் பட்டையக் கட்டிட்டு வந்துட்டீங்களா?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு இரண்டும் வெறுமையாக இருந்தன. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி ஓரத்துப் பள்ளத்துக்குப் போகப் பார்த்தது; தடுமாறிப் பிடித்துக்கொண்டார்.

"அது டாக்டரம்மா டிராயர்ல கெடக்குது. சாவியும் அவங்க கிட்டத்தான். ஏன் அம்மிணி, என்ன ஆச்சு?"

"எனக்கு லேசா இருக்குதுங்க."

"தலை சுத்துதா? எறங்கிக்கறயா? ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?"

"தலையில்ல. காலு. காலு லேசா இருக்குது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவருக்கு எப்படிப் புரியும். அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் இந்த மலையில் இந்த இடத்தில் இது வரும். முதலில் உடம்பு முரண்டு பிடிக்கும், கெஞ்சும், பிறகு வழிக்கு வந்துவிடும். அப்படி ஒன்று இருந்ததையே வியாதி மறக்கடித்திருந்தது. களைப்பை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தாங்குகிற அளவுக்கு அவளுக்கே பலம் வந்துவிட்டது.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்காமல் ஒரு வளைவு தூரம் மிதித்தாள். பிறகு மணி அடித்தாள்.

"ஒதுங்குங்க. நான் முன்னால வர்றேன்."

"நீயா?"

"சட்டம் தெரியுமல்ல? தெம்பா இருக்கறவங்கதான் காத்து வெட்டணும்."

அவரைக் கடந்து முன்னால் போனாள். எதிர்க்காற்று முகத்தில் நேராக வந்து அறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து இரைச்சலாக ஒரு சத்தம் கேட்டது. சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. அவருடைய மனைவி ஒரு மிதியும் மிதித்துக் கொடுக்காத, அவரே ஏறிச் சம்பாதித்த மூச்சு அது.

"அம்மிணி," என்றார். "கொஞ்சம் மெதுவாப் போயேன்."

"மூச்சு வாங்குதுங்களா?"

"நெம்ப வாங்குது."

கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவுக்கு எழுந்து நின்று மிதித்தாள்.

"வாங்கட்டும்," என்றாள்.